தண்ணீர் இறங்குகிறது, கண்ணீர் இறங்கவில்லை: தோற்றுப்போன ஓர் எண்டோஸ்கோபிக் டிசிஆர்

கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் நடுவே புது வழி திறக்கும் அறுவையை மருத்துவமனைகளில் டிசிஆர் என்பார்கள். அதை மூக்கின் வழியாகவே எண்டோஸ்கோப் வைத்துச் செய்தால் முகத்தில் தழும்பு விழாது. தேர்ந்த கைகளில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் பலன் தரும் அறுவை இது. இந்தக் கட்டுரை அந்தப் பத்தாவது ஆளைப் பற்றியது. இங்கே வரும் நோயாளி, இதே சிக்கலோடு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் விவரங்களைச் சேர்த்து ஒருவராக எழுதப்பட்டவர். அடையாளம் எதுவும் யாருடையதும் அல்ல.

நோயாளி 48 வயதுப் பெண். இடது கண்ணில் இரண்டு ஆண்டுகளாக நீர் வடிந்துகொண்டிருந்தது. ஒருமுறை கண்ணீர்ப்பையில் சீழ் பிடித்து, கண்ணின் உள் மூலை வீங்கிச் சிவந்து, ஆன்டிபயாடிக்கில் அடங்கியது. அப்புறம் வேறொரு மருத்துவமனையில் எண்டோஸ்கோப் வழியாக டிசிஆர் செய்துகொண்டார். உள்ளே வைத்த சிலிக்கோன் குழாயை ஆறாவது வாரத்தில் எடுத்தார்கள். அதுவரை கண் நன்றாகவே இருந்தது. மூன்றாவது மாதம் நீர் மறுபடி வடிய ஆரம்பித்தது. பிறகு காலையில் பீளை. ஐந்தாவது மாதத்தில், உள் மூலையை விரலால் அழுத்தினால் கண்ணுக்குள் சளி ஏறி வருவதை அவரே கவனித்தார்.

அறுவை செய்த இடத்துக்குத் திரும்பிப் போனபோது சிரிஞ்சிங் செய்து பார்த்தார்கள். இமை ஓரத் துளை வழியாகச் செலுத்திய உப்புநீர் தொண்டைக்கு இறங்கியது. வழி திறந்திருக்கிறது, அறுவை வெற்றி, கண் வறட்சியால்தான் நீர் சுரக்கிறது என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பத்தாவது மாதம் எங்களிடம் வந்தபோது அவர் சொன்னது: "தண்ணி தொண்டைக்கு இறங்குது டாக்டர், எனக்கே தெரியுது. ஆனா கண்ணீர் இறங்கலையே."

அவர் சொன்னது மருத்துவரீதியாகத் துல்லியமானது. சிரிஞ்சில் போகும் நீரை நம் கட்டைவிரல் தள்ளுகிறது. கண்ணீரைத் தள்ளுவது இமை மூடித் திறக்கும்போது அதன் தசை தரும் சின்ன அழுத்தம் மட்டும்தான். ஊசிமுனை அளவு இடுக்கு இருந்தாலும் சிரிஞ்ச் நீர் அதில் பீறிட்டுப் போய்விடும், கண்ணீர் போகாது. "சிரிஞ்சிங் போகிறது" என்பதை "அறுவை வெற்றி" என்று எழுதிவிடும் வழக்கம் இந்தத் துறையில் நிறைய நோயாளிகளின் மாதங்களைத் தின்றிருக்கிறது. உப்புநீர் போவது ஒரு தகவல். அது முடிவல்ல.

கண்ணீர் போகும் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதை வைத்துத்தான் புரியும். மேல் இமையிலும் கீழ் இமையிலும் மூக்கை ஒட்டிய முனையில் ஆளுக்கொரு சிறு துளை. அங்கிருந்து சுமார் 10 மி.மீ. நீளத்துக்கு நுண்குழல்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பொது நுண்குழலாகிக் கண்ணீர்ப்பைக்குள் திறக்கும். பை எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே மூக்குக்குள் இறங்கும் குழாய். வழக்கமாக அடைப்பது அந்தக் கீழ்க்குழாய். டிசிஆர் அதைத் திறப்பதில்லை. அதை விட்டுவிட்டு, பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் எலும்பை எடுத்து, பையைப் பக்கவாட்டில் நேரடியாக மூக்குக்குள் திறந்துவிடுகிறது. அதாவது பைக்கு முந்தைய பகுதி, இமைத் துளையும் நுண்குழலும், நன்றாக இருந்தால்தான் இந்த அறுவைக்கு அர்த்தம் உண்டு.

மேசைமேல் செய்யும் சோதனைகளே பாதி சொல்லிவிட்டன

முதலில் இமைகளைப் பார்த்தோம். கீழ் இமை தளர்ந்திருக்கவில்லை; இழுத்து விட்டால் உடனே திரும்பியது. துளைகள் கண்ணை ஒட்டியே இருந்தன. முக நரம்பு பலவீனம் இல்லை, இமைப்பு முழுமையாக இருந்தது. கண்ணீர்ப் படலமும் ஓரளவு நன்றாகவே இருந்தது. வறட்சி என்ற விளக்கம் இவருக்குப் பொருந்தவில்லை. வறட்சியால் கண்ணீர் அதிகம் சுரப்பது உண்மையிலேயே நடக்கக்கூடியதுதான். ஆனால் அதில் உள் மூலையை அழுத்தினால் சளி வராது.

அழுத்திப் பார்த்தோம். மேல் இமைத் துளை வழியாகச் சளி வந்தது. கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனை இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் சொல்கிறது. பைக்குள் ஏதோ தேங்கி நிற்கிறது, அப்படியென்றால் பை காலியாகவில்லை. பையிலிருந்து கண்ணுக்கு வழி இருக்கிறது, அப்படியென்றால் மேல் நுண்குழலும் பொது நுண்குழலும் அடைக்கவில்லை. பிரச்சினை நுண்குழலுக்கு அப்பால், மூக்குப் பக்கம்.

இரு கண்களிலும் ஃப்ளோரசின் சாயம் விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது வலது கண்ணில் சாயம் மறைந்திருந்தது. இடது கண்ணில் மஞ்சள் பச்சையாய் அப்படியே நின்றது. சிரிஞ்சிங்கில் நீர் இறங்கியது உண்மை. ஆனால் தயங்கித் தயங்கி இறங்கியது, ஒரு பகுதி சளித் துணுக்குகளோடு மேல் துளை வழியாகத் திரும்பியது. முதல் தடவை பார்த்தவர்கள் தொண்டையைக் கேட்டார்கள், மேல் துளையைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து மெல்லிய கம்பியை நுண்குழல் வழியாக விட்டபோது அது எலும்பில் முட்டி நின்றது. அறுவைக்கு முன்பு இப்படிக் கெட்டியாக முட்டுவது நல்ல செய்தி: நுண்குழல் திறந்திருக்கிறது, கம்பி பையைக் கடந்து எலும்பைத் தொடுகிறது என்று பொருள். ஆனால் இவருக்கு டிசிஆர் ஆகிவிட்டது. அந்த இடத்தில் எலும்பு இருக்கவே கூடாது. சரியாகச் செய்யப்பட்ட டிசிஆருக்குப் பிறகு கம்பி எதிலும் முட்டாமல் நேராக மூக்குக்குள் வழுக்கிக்கொண்டு போகும். எண்டோஸ்கோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பொது நுண்குழலுக்கு எதிரே எலும்பு எடுக்கப்படவில்லை என்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

மூக்குக்குள்

30 டிகிரி கோண எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது. மூக்கின் நடுச்சுவர் மேல்பகுதியில் இடப்பக்கம் வளைந்திருந்தது. மூக்கின் பக்கச்சுவரிலிருந்து உள்ளே நீட்டி நிற்கும் எலும்புத் திட்டுகளுக்கு டர்பினேட் என்று பெயர்; அவற்றில் நடு டர்பினேட்டின் முன்முனை பக்கச்சுவரோடு தழும்பால் ஒட்டியிருந்தது. அந்த ஒட்டுக்குப் பின்னால், டர்பினேட் சுவரில் சேரும் மடிப்பின் மட்டத்தில், கோடு போட்டது போல ஒரு சிறு இடுக்கு. அதற்கு மேலே சுவர் பழைய சுவர்தான், யாரும் தொடாதது. இமைக்கச் சொல்லிக் காத்திருந்தோம். இடுக்கில் சாயம் வரவில்லை. வெளியே பையை அழுத்தியபோது பச்சை நிறச் சளி மேலிருந்து கசிந்து இடுக்கு வழியாக வந்தது.

சிடி ஸ்கேன் அதையே எலும்பில் காட்டியது. மடிப்புக்குக் கீழே எலும்பு எடுக்கப்பட்டிருந்தது. மேலே மேல்தாடை எலும்பின் தடித்த முன்பகுதி முழுசாக இருந்தது, அதன் பின்னே விரிந்த பையின் மேல்பாதி. கட்டி இல்லை, எலும்பு அரிப்பு இல்லை, சைனஸ்கள் சுத்தம்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மூக்கு வழியே டிசிஆர் செய்யும் யோசனை புதிதல்ல. கால்டுவெல் 1893-இலேயே முயன்றார். உள்ளே சரியாகப் பார்க்க முடியாததால் அது ஓரங்கட்டப்பட்டது. 1904-இல் டோட்டி விவரித்த, தோலைக் கீறிச் செய்யும் வெளிவழி முறை நிலைத்தது. எண்டோஸ்கோப் கையில் கிடைத்த பின் 1989-இல் மெக்டொனோவும் மெய்ரிங்கும் உள்வழியை மீண்டும் கொண்டுவந்தார்கள். அந்தத் தொடக்க ஆண்டுகளில் பை பெரும்பாலும் நடு டர்பினேட் மடிப்பின் மட்டத்திலும் கீழேயும்தான் இருக்கிறது என்று நம்பப்பட்டது. திறப்பும் அதற்கேற்பத் தாழ்வாகவும் சின்னதாகவும் போடப்பட்டது. 2000-ஐ ஒட்டி, பைக்குள் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திச் சிடி எடுத்து அளந்தபோது படம் மாறியது. பை அந்த மடிப்புக்கு மேலே சராசரியாக 9 மி.மீ. வரை ஏறுகிறது, கீழே 4 மி.மீ. போலத்தான் இருக்கிறது. பொது நுண்குழல் திறக்கும் இடமும் மடிப்புக்கு மேலேதான்.

அதாவது கண்ணீர் பைக்குள் நுழைகிற வாசலே மேலே இருக்கிறது. திறப்பு கீழே. இன்று இது எல்லாருக்கும் தெரிந்த உடற்கூறு. தெரிந்தும் எலும்பு மேலே விடுபடுவதற்குக் காரணம் கை சம்பந்தப்பட்டது. கீழே எலும்பு கடிக்கக்கூடிய கனத்தில் இருக்கிறது, பஞ்ச் கருவியாலேயே எடுத்துவிடலாம். மேலே போகப்போகத் தடிக்கிறது, பஞ்சின் வாய்க்குள் பிடிபடாது, வைர முனை டிரில் போன்ற கருவி வேண்டும். நடுச்சுவர் வளைந்திருந்தால் டிரில் நுழையவே இடம் இல்லை. அந்த நேரத்தில் ரத்தமும் கசிந்தால் பார்வை மறைந்துவிடும். பை ஏற்கெனவே திறந்து சளி வந்துவிட்டது, போதும் என்று தோன்றுவது அந்த இடத்தில்தான். இவருக்கும் நடுச்சுவர் வளைவுதான் ஆரம்பப் புள்ளி என்பது என் கணிப்பு. அறுவைக்கு முன்பே மூக்கை எண்டோஸ்கோப்பால் பார்த்து, வளைவை அதே அமர்வில் சரிசெய்யத் திட்டமிட்டிருந்தால் மேலே போக இடம் கிடைத்திருக்கும்.

அப்படியென்றால் முதல் இரண்டு மாதம் ஏன் நன்றாக இருந்தது? நோயாளியும் இதைத்தான் கேட்டார். குழாய் உள்ளே இருக்கும்வரை அது இடுக்கை விரித்து வைத்திருந்தது, குழாயின் பக்கவாட்டிலேயே கண்ணீர் ஊர்ந்து இறங்கியது. குழாயை எடுத்ததும் தழும்பு இழுத்து இடுக்கை ஒடுக்கியது. டிசிஆர் திறப்பு எதுவானாலும் சுருங்கும், பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே. வெளிவழி அறுவை செய்துகொண்டவர்களை அளந்து 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பில் போட்ட ஓட்டை சராசரியாக 12 மி.மீ. அளவில் இருந்தது, ஆறிய பின் மூக்குக்குள் மிஞ்சிய துளை சராசரி 2 மி.மீ.க்கும் குறைவு. சுருங்குவதே தோல்வி என்றால் வெளிவழி அறுவை நிலைத்திருக்கவே முடியாது. பொது நுண்குழல் வாசலுக்கும் மூக்குக்கும் நடுவே தழும்பு படர இடமில்லாதபடி பை முழுவதும் விரித்து வைக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. முழுசாக விரிந்த பை மூக்குச் சுவரின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. பாதி திறந்த பை மறுபடி பையாகிறது.

மேலே விடுவது போலவே கீழே விடுவதும் உண்டு. தொட்டியின் பக்கச்சுவரில் பாதி உயரத்தில் துளை போட்டால் அதற்குக் கீழுள்ள தண்ணீர் நின்றுவிடும் அல்லவா, அதேபோல் பையின் அடிப்பாகம் திறக்கப்படாமல் சளி தேங்கும் நிலைக்கு சம்ப் சிண்ட்ரோம் என்று பெயர். அதிலும் சிரிஞ்சிங் போகும், அழுத்தினால் சளியும் வரும். மேலா கீழா என்பதை எண்டோஸ்கோப்பும் ஸ்கேனும்தான் பிரித்துச் சொல்லும்.

மறு அறுவை

வெளிவழியாகச் செய்வதா உள்வழியாகவா என்று பேசினோம். தோற்ற உள்வழி அறுவைக்குப் பின் வெளிவழிக்கு மாறுவதும் சரியான முடிவுதான், நல்ல பலன் தரும். இவருக்கு உள்வழியையே தேர்ந்தோம், ஏனென்றால் தோல்விக்குக் காரணமான மூன்றில் இரண்டு, வளைந்த நடுச்சுவரும் ஒட்டிய டர்பினேட்டும், மூக்குக்குள்தான் இருந்தன.

முழு மயக்கத்தில் முதலில் நடுச்சுவரின் மேல்வளைவைச் சரிசெய்து இடம் உண்டாக்கினோம். டர்பினேட் ஒட்டைப் பிரித்தோம். தழும்பு பிடித்த சளிச்சவ்வைக் கவனமாக உயர்த்தி, வைர முனை டிரிலால் எலும்பை மேலே, பையின் உச்சி தாண்டும்வரை எடுத்தோம். நுண்குழல் வழியாக விட்ட கம்பி பையின் சுவரைக் கூடாரமாக உயர்த்தும்போது, அந்த முனைக்கு மேலேயும் சுற்றிலும் எலும்பே இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கத்தியை வைத்தோம். பை உச்சியிலிருந்து அடிவரை திறக்கப்பட்டு, மடல்கள் முன்னும் பின்னும் விரிக்கப்பட்டன. உள்ளே கெட்டியான சளி. சுவரிலிருந்து ஒரு துண்டு பயாப்சிக்குப் போனது. நாள்பட்ட அழற்சியும் நார்த்தழும்பும் மட்டும் என்று வந்தது. மறு அறுவையில் இந்தத் துண்டை அனுப்பாமல் விடக்கூடாது. கண்ணீர்ப்பைக் கட்டிகள் அரியவை, ஆனால் அவை சாதாரண அடைப்பு மாதிரியே நடித்துக்கொண்டிருக்கும். ரத்தம் கலந்த கண்ணீர் வந்தாலோ உள் மூலையின் தசைநாருக்கு மேலே கெட்டியாக வீங்கினாலோ சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும்.

பொது நுண்குழலின் வாசல் இப்போது நேரடியாகத் தெரிந்தது. கம்பி எதிலும் முட்டாமல் மூக்குக்குள் வந்தது.

தழும்பைக் கட்டுப்படுத்த மைட்டோமைசின் மருந்தை 0.02 சதவீத அளவில் மூன்று நிமிடம் வைத்துக் கழுவினோம். இதற்கான ஆதாரம் ஒருமித்ததாக இல்லை. முதல் அறுவையில் எல்லாருக்கும் இதைப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. தழும்பு ஏற்கெனவே தன் குணத்தைக் காட்டிவிட்ட மறு அறுவையில் நியாயம் இருக்கிறது. சிலிக்கோன் குழாயும் அப்படியே. நுண்குழல் நன்றாக இருக்கும் முதல் அறுவையில் குழாய் வைப்பதால் தெளிவான கூடுதல் பலன் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. சில சமயம் குழாயே தொல்லை தரும்: இறுக்கமாகக் கட்டினால் இமைத் துளையை அறுத்துக்கொண்டு வரும், உரசும் இடத்தில் சதை வளரும். இவருக்குத் தளர்வாக வைத்து ஐந்து வாரத்தில் எடுத்தோம்.

நான்காவது வாரம் எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது குழாயைத் தொட்டபடி, வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு சதை மொட்டு தெரிந்தது. இது சாதாரணமாக வருவதுதான். ஆனால் வாசலின் மேல் வளர்ந்தால் மொத்த வேலையும் வீண். ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்து, அடுத்த வாரம் குழாயையும் எடுத்ததும் அது சுருங்கிவிட்டது. அறுவைக்குப் பின் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், இப்படி உள்ளே பார்த்துச் சுத்தம் செய்வதும் அறுவையின் ஒரு பாகம். தையல் பிரிக்கும் நாளோடு தொடர்பு முடிந்துவிட்டதாக நினைக்கும் இடங்களில்தான் தழும்பு ஒட்டுகளும் சதை மொட்டுகளும் கண்ணுக்குப் படாமல் வளர்கின்றன.

வேறு எங்கெல்லாம் தோற்கலாம்

கம்பியை விடும்போது எலும்பு தட்டாமல் ரப்பர் மாதிரி மெத்தென்று நின்றால், அடைப்பு நுண்குழலிலேயே இருக்கிறது. ஹெர்பிஸ் தொற்று, காயம், டோசிடாக்சல் போன்ற புற்றுநோய் மருந்துகள் இப்படி அடைக்கக்கூடியவை. முதல் அறுவைக்கு முன் இதைக் கவனிக்காமல் டிசிஆர் செய்தால், எவ்வளவு அழகான திறப்பு போட்டாலும் கண்ணீர் அங்கே வந்துசேராது. நுண்குழல் முழுவதும் அழிந்திருந்தால், கண்ணின் உள் மூலையிலிருந்து நேரடியாக மூக்குக்குச் செல்லும் ஜோன்ஸ் கண்ணாடிக் குழாய் போன்ற மாற்று வழியைப் பற்றிப் பேச வேண்டும்; அதே டிசிஆரை மறுபடி செய்வது பயன் தராது.

சிலருக்குத் திறப்பு மூக்குக்குள் இல்லாமல் பக்கத்திலுள்ள எத்மாய்டு என்ற சைனஸ் காற்றறைக்குள் போய்விடும். அறை மூடிக்கொண்டதும் வழியும் மூடிக்கொள்ளும். இன்னும் சிலருக்கு மூக்கே நோயில் இருக்கும்: சார்காய்டோசிஸ், பாலிஆஞ்சைட்டிஸுடன் கூடிய கிரானுலோமடோசிஸ் போன்ற, உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி நோய்கள். மூக்கில் ஓயாமல் பக்கு, ரத்தக் கசிவு, மூக்குத்தண்டு அமுங்குவது என்று ஏதாவது இருந்தால் அந்தப் பரிசோதனைகள் முதலில், அறுவை பிறகு.

எல்லாம் திறந்திருந்தும் நீர் வடிகிறவர்களும் உண்டு. எண்டோஸ்கோப்பில் வாசல் தெரியும், சாயமும் மெதுவாக வரும், அழுத்தினால் சளி வராது. முக நரம்பு பலவீனம், தளர்ந்த கீழ் இமை என்று இமையின் பம்ப் வேலை செய்யாத நிலை அது. அவர்களுக்கு எலும்பை இன்னும் எடுத்து ஒரு பயனும் இல்லை. இமையை இறுக்கும் சிறிய அறுவை அதிகம் உதவும்.

ஓர் ஆண்டுக்குப் பிறகு

இவருடைய கடைசிப் பரிசோதனை மறு அறுவைக்கு ஓர் ஆண்டு கழித்து. பீளை இல்லை, அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. கண்ணில் சாயம் விட்டு இமைக்கச் சொன்னதும் சில நொடிகளில் மூக்குக்குள் பச்சை தெரிந்தது. ஒவ்வொரு இமைப்புக்கும் பொது நுண்குழல் வாசல் அசைந்தது. அந்த அசைவைத்தான் நான் தேடுவேன். வாசலைச் சுற்றித் தழும்பு இறுகவில்லை, பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அது நேரடி அடையாளம். எலும்பில் போட்ட பெரிய திறப்பு சில மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருந்தது, ஆனால் வாசலும் மூக்கும் ஒரே தளத்தில் இருந்தன.

குளிர்காற்றில் போனால் கண் கொஞ்சம் கலங்குகிறது என்றார். இரண்டு கண்ணுமா என்று கேட்டேன், இரண்டும்தான் என்றார். அறுவை செய்யாத வலது கண்ணிலும் அதே அளவு கலங்குவதால் அதற்குச் சிகிச்சை எதுவும் தரவில்லை. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து. பீளை திரும்பினால் அதற்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறோம்.